தங்கச்சியின் வயலுக்குப் போன காலை

நோர்வேயிலிருந்து நான் முதல் தடவையாக விடுமுறையில் வந்தபோது, எங்கள் வீடு தங்கச்சியின் வீடாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. அவளைக் கட்டுகிறவன் அங்கேயே வந்து குடியிருப்பான். எல்லாம் தெரிந்துதான் கைத்தொலைபேசியில் கலியாணம் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் என் படிப்பு மேசை இருந்த மூலையில் மச்சானின் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பிடிக்காத ஒன்று இருந்தது. விடியும்போதே அப்பா மச்சானுடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வட்டையிலிருக்கும் வயலுக்குப் போய்விடுவார். அவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவார். என்னோடு அவ்வளவு பேசியதில்லை. குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் போனவன் நான். சின்ன வயதில் வயற்பக்கம் போனால், போய்ப் படி என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையும் மச்சானுக்கே போனது. தாமரைக் குளம், யானை வேலி என்று கொண்டுபோய்க் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ‘எங்கட’ போட்டான். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் நான் யார் என்று அவனிடம்தான் விசாரித்தார்.

“மாமாட மகன். வெளிநாட்டில.”

கடைக்காரர் எனக்கு மட்டும் போத்தல் தண்ணீர் வைத்தார்.

நோர்வே திரும்புவதற்குள் ஒரு நாளாவது அப்பாவை நானே வயலுக்கு ஏற்றிப்போக வேண்டுமென்று கேட்டேன். மச்சான் உடனே மோட்டார் சைக்கிள் சாவியைத் தந்தான், தான் சைக்கிளில் வருவதாகச் சொன்னான். அவன் அப்படி யோசிக்காமல் தந்ததும் எனக்கு எரிந்தது.

பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. அப்பா பின்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்தார். கிறவல் றோட்டு வந்ததும் மெல்லப் போகச் சொன்னார்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வயலுக்குள் தண்ணீர் விடும் வக்கடை மண் போட்டு அடைத்திருந்தது. நான் மண்வெட்டியை எடுத்தேன்.

“விடு மனே. அவன் வரட்டும்.”

“நம்மட வயல்தானே அப்பா?”

“தங்கச்சிக்குக் குடுத்தாச்சே. அவனக் கேக்காம நானே இப்ப வக்கடை வெட்டுறல்ல.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சமாவது வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. வரம்பில் குந்தி, அவன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் வியர்த்துப்போய் வந்தான். மண்வெட்டியோடு நான் நின்ற நிலையைப் பார்த்ததும் சிரித்தான்.

“வெள்ளக்காரர் வெட்டட்டும் மாமா. சப்பாத்த மட்டும் கழட்டச் சொல்லுங்க.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு கணுக்காலுக்கு மேலே ஏறியது. நாலைந்து வெட்டில் மண் சரிந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன்.

அவர் என்னைத் தாண்டி மச்சானிடம் கேட்டார்.

“இவ்வளவு காணுமா மருமகன்?”

“இன்னும் கொஞ்சம் வெட்டட்டும் மாமா.”

நான் குனிந்து வெட்டினேன்.