பதினான்காவது பாடம்

சுபிதாவும் நானும் ஒரே வகுப்பு. 2005இல் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் தீர்ந்துவிட்டது, இதில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஆனால் முதல் நாளே முதல்வர் மேடையேறி அதை ஒரு பெருமையாக மாற்றிவிட்டார். "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன் மெஷினோட பேசுவான். நீங்க கம்பெனியோட பேசுவீங்க" என்றார். நான் இப்போது கொட்டாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இதுவரை எந்தக் கம்பெனியும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு ஆளுக்கொரு பாடத்திட்டப் புத்தகம் தந்தார்கள். நீல அட்டை, ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன பாடம், எந்த யூனிட்டில் என்ன என்று எல்லாம் அதில் உண்டு. முக்கியப் பாடங்கள் இருபது. அவற்றில் நிர்வாகவியல் பாடங்களும் கலந்திருந்தன. பையன்கள் நாங்கள் அதன் பின்பக்கங்களில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியே தீர்த்துவிட்டோம். சுபிதா பிரவுன் அட்டை போட்டு வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்ட பிள்ளை அவள். 'நிறுவன நடத்தை' என்று ஒரு பாடம், வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. நான் இரண்டாம் முறைதான் தேறினேன். அவள் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண்.

படித்து முடித்த 2008இல் கம்பெனிகள் இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சுபிதா பி.எட். முடித்து, ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தற்காலிக கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாள். பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வேலை அது. ஆண்டுதோறும் ஏப்ரலில் போகச் சொல்லிவிட்டு ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதே வேலை, அதே நாற்காலி, ஆனால் நிரந்தரமாக வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். இதைப் பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

2011இல் அரசு தேர்வு வைத்தது. மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்குப் போனாள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவள் பட்டத்தைப் பார்த்தார், தன்னிடம் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல டிகிரியே லிஸ்ட்ல இல்லியேம்மா."

கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டு, பி.சி.ஏ. உண்டு, எங்கள் பட்டம் இல்லை. இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று அரசே சொல்லும் இணைத்தன்மைச் சான்று வேண்டுமாம். அதற்கு ஒரு குழு. நூற்றுக்கு எழுபது பாடம் பொருந்த வேண்டும். அதாவது எங்கள் இருபதில் பதினான்காவது பொருந்தியாக வேண்டும்.

சென்னையிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கி நேராக என் கடைக்குத்தான் வந்தாள். கையில் அந்த நீலப் புத்தகம், பிரவுன் அட்டை கலையாமல்.

"ஏலே பிபினு, இத முழுசா காப்பி எடு. ஒரு பக்கம் விடப்பிடாது, கேட்டியா?"

பத்து நாள் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டோம். இடப்பக்கம் எங்கள் பாடம், வலப்பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம், நடுவில் எந்த யூனிட் எதோடு பொருந்துகிறது என்று. அவள் சொல்வாள், நான் டைப் அடிப்பேன். பெயர்தான் வேறே, உள்ளே ஒரே சரக்கு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தும் பதின்மூன்றில் நின்றுவிட்டது. பதினான்காவது பாடம் கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் 'நிறுவன நடத்தை' இருந்தது.

"ஏட்டி, நீ ஃபர்ஸ்ட் மார்க் வாங்குன பாடம்லா இது" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். நானாக்கும் பாடத்திட்டம் போட்டேன்?" என்று சீறினாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இருந்தாலும் மனுப் போட்டாள். பல்கலைக்கழக முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. முத்திரைக்கு நான்கு மாதம். அடுத்து, குழு எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் செய்தால், நாம் கேட்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பார். காலை பத்தரைக்கும் சாப்பாடு, மாலை நாலரைக்கும் சாப்பாடு. இதற்குள் அவளுக்காக ஒதுக்கிய இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "போட்டும், அடுத்த பரீட்சைக்காவது ஆவும்" என்று அவள் மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றுக்கும் காப்பி என் கடையில்தான்.

2013இல் ஒரு நாள் அந்த ஆளே போனை எடுத்துவிட்டார்.

"ஆர்டர் போட்டாச்சும்மா. 2009ல சேர்ந்த பேட்ச்ல இருந்து செல்லும்."

"சார், நான் 2005."

"உங்களுது பழைய பாடத்திட்டம். யுனிவர்சிட்டில கேட்டோம், இப்ப இருக்கிறத அனுப்பினாங்க. அதுல பதினஞ்சு பொருந்துது. குழு அதைத்தான் பாத்துது."

இதுதான் நடந்தது. 2009இல் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றி, நிர்வாகவியலில் இரண்டைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் இரண்டைச் சேர்த்திருந்தது. தூக்கிய இரண்டில் ஒன்று நிறுவன நடத்தை. அவள் அனுப்பிய நீலப் புத்தகத்தை யாராவது திறந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அவள் மறுபடி மனுப் போட்டாள். பதிலே இல்லை.

அடுத்த தேர்வு நடந்து, 2014 ஜூலையில் சுபிதாவின் பள்ளிக்கே, அவள் இடத்துக்கு, நிரந்தர ஆசிரியை வந்தாள். டெல்சி, கடற்கரைக்காரப் பெண். எங்கள் கல்லூரி, எங்கள் பட்டம், 2009 பேட்ச். பணியில் சேர எல்லாத் தாளும் மும்மூன்று காப்பி வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்ல, கடைக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தவள் சுபிதாதான். வழியெல்லாம் லேப் சமாச்சாரம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"மூணாவது சிஸ்டம் ஒடனே ஆன் ஆவாது, கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கணும். பன்னெண்டாங் கிளாஸ்ல பின்னால இருக்கவங்களயும் கேள்வி கேளு, இல்லன்னா படிக்கமாட்டாங்க." கடைக்குள் வந்த பிறகும் சொல்லி முடியவில்லை.

டெல்சி எடுத்துக் கொடுத்த தாள்களில் அந்த இணைத்தன்மை அரசாணையும் இருந்தது. மெஷின் கண்ணாடியில் வைக்கும்போது என் கண் தற்செயலாகப் போயிற்று. ஆணையின் தலைப்புக்குக் கீழே 'பார்வை' என்று போட்டு, எதை வைத்து இந்த ஆணை என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் வரி: செல்வி நே. சுபிதா, கொட்டாரம், என்பவரின் மனு.

தாளைக் கண்ணாடியிலிருந்து திரும்ப எடுத்தேன். டெல்சி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க பேருல்லா போட்டிருக்கு? ஊரும் கொட்டாரம்."

சுபிதா வாங்கிப் படித்தாள். அந்த ஆணையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நான்தான் மக்களே" என்றாள்.

"அப்பம் நீங்க ஏன்க்கா..." என்று டெல்சி தொடங்கி நிறுத்திக்கொண்டாள். சுபிதா தோள்பையிலிருந்து லேப் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

நான் அந்தத் தாளை மட்டும் நான்கு காப்பி எடுத்தேன். நான்காவதை சுபிதாவிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"எனக்குச் செல்லாத பேப்பர வச்சு நான் என்ன செய்ய? அவளுக்கே குடு. ஆபீஸ்ல ஒண்ணத் தொலச்சாலும் கைவசம் ஒண்ணு இருக்கும்."