ஒரு கூரைக்கு ஒரு குடும்பம்

ஏமஸ் கில்லியமுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி பெஞ்சின் ஓரமாகப் பார்த்து உட்காருவான். பிரசங்கம் பாதிக்கு வருவதற்குள் இரண்டு தடவை வெளியே போய் வந்துவிடுவான். "ஒடெசா, உன் புருஷனைப் பெக்கும்போதே காலுல சக்கரத்தைக் கட்டி அனுப்பிட்டாங்களா?" என்று சபைப் பெண்கள் அவன் மனைவியைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்ததோ ஊரிலேயே மெதுவாக ஓட்டவேண்டிய வண்டி. டாலிவர் என்பவரின் சவ அடக்க நிலையத்தில் அவன் சவ வண்டி ஓட்டினான். "பொணத்துக்கே அவசரமில்ல, உனக்கென்னய்யா?" என்று டாலிவர் தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்கள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்பக்கத்துப் புகையிலைக்காரர்கள். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு நாட்டின் சரித்திரமே திரும்பியது என்று புத்தகங்களில் போடுகிறார்கள். போடட்டும். திரும்பும்போது யார் காலில் ஏறி இறங்கியது என்று ஒருவரும் போடுவதில்லை. எங்கள் மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து வருஷம் இழுத்தடித்துப் பார்த்தார்கள். இனிமேல் முடியாது என்றானதும், சேர்ந்து படிப்பதைவிட யாருமே படிக்க வேண்டாம் என்று அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் கையோடு ஒரு தனியார் பள்ளி முளைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கதவில் சங்கிலி.

ஏமஸின் ஒரே மகள் வில்லெட்டுக்கு அப்போது பத்து வயது. நாலாம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போக வேண்டியவள். அடுத்த வாரம் திறப்பார்கள், கிறிஸ்துமஸ் கழிந்து திறப்பார்கள் என்று ஒரு வருஷம் ஓடிப்போனது. அந்த வருஷம் முழுக்க ஏமஸ் நின்றால் நடந்தான், நடந்தால் ஓடினான். வாசித்த பழைய பாடப்புத்தகத்தையே மகள் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கேட்க அவனால் முடியவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஓடையைத் தாண்டினால் பக்கத்து மாவட்டம். அங்கே கறுப்புப் பிள்ளைகளின் பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். ஓடைக்கு அக்கரையில் செத்துப்போன மாமா விட்டுப்போன வீடு ஒன்று ஏமஸுக்கு இருந்தது. இரண்டே அறை. முயல்தான் குடியிருந்தது. அதன் வாசலிலேயே பள்ளிப் பேருந்து நிற்கும்.

விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பின்கதவு வழியாக உள்ளே விட்டுவிட வேண்டும். பேருந்து வந்ததும் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்போல முன்கதவு வழியாக வெளியே வர வேண்டும். சரி, கறுப்புப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி தினமும் மாவட்ட எல்லை தாண்டினால் யார் கண்ணிலும் படாதா? படாத வண்டி ஒன்றுதான் இருந்தது. டாலிவர் முதலில் முறைத்தார். பிறகு, "சீட்டுல எச்சில் ஒழுகாம பாத்துக்க" என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

ஒன்பது பிள்ளைகள். வில்லெட், கைம்பெண் ஹெஸ்டரின் நாலு பேர், இன்னும் நாலு பேர். சவப்பெட்டி வைக்கும் இடத்தில் டப்பாவில் அடைத்த மீன்போல அடுக்கிப் படுத்துக்கொள்வார்கள். ஜன்னல்களில் திரை. ஹெஸ்டரின் மூத்தவன் டோர்சிதான் அதிகாரி. "செத்தவன் இருமுவானாடா? மூடுடா வாயை!" என்று அதட்டுவான்.

ஒரு நாள் காலை ஷெரீப்பின் போலீஸ்காரன் ஒருவன் பாலத்தருகே வண்டியை மறித்தான். 

"யாரு போயிட்டா, ஏமஸ்?"

"வயசான அம்மாங்க ஐயா. வெளியூரு."

"இந்த மாசம் நிறையப் பேரைக் கொண்டுபோறியே?"

"குளிருதுங்களே ஐயா. பெரியவங்களுக்குத் தாங்க மாட்டேங்குது."

போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் பிள்ளைகளுக்குத் தொப்பி கழற்றி மரியாதை செய்ததை நாங்கள் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. ஹெஸ்டரின் கடைக்குட்டி பேர்ல் கெக்கெக்கே என்று சிரிக்கப் போக, வில்லெட் அவள் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டாள். பாலம் தாண்டிய பிறகு வண்டியே குலுங்கிற்று. ஏமஸும் சிரித்தான்.

பேர்ல் வாழ்நாளில் பார்த்த முதல் பள்ளி அதுதான். சாயங்காலம் திரும்பும்போது வண்டி ஜன்னலின் பனியில் விரலால் எழுத்து எழுதி ஏமஸிடம் காட்டுவாள். பாதி எழுத்து தலைகீழாக நிற்கும். வில்லெட் பொறுமையாக அழித்துத் திருத்துவாள்.

ஆனால் ஒரு குறை யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் இல்லாத வீட்டில் தீ மூட்டக்கூடாது என்று ஏமஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பிள்ளைகள் கோட்டோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நவம்பர் முடிவில் வெள்ளை வெளேரென்று உறைபனி படர்ந்த ஒரு காலையில், அக்கம்பக்கத்துக் கூரைகளில் எல்லாம் புகை எழுந்தது. இந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. எதிரே காரை நிறுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மாவட்டப் பள்ளி அலுவலர். புகையே வராத இரண்டு அறை வீட்டிலிருந்து, வரிசையாக ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள்.

அவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் கத்தவில்லை. பின்பக்கம் வந்து, உறைபனியில் வண்டி கிளம்பாமல் இன்னும் அங்கேயே நின்ற ஏமஸை வாசலுக்கு அழைத்தார்.

"இது யார் வீடு?"

இங்கேதான் ஏமஸ் அவசரப்பட்டான். அவனுக்கு எதிலும் நிதானம் கிடையாது. "என் வீடுங்க ஐயா. பத்திரமே இருக்கு. அதோ, அவ என் பொண்ணு வில்லெட். வாசிக்கிறதுல அவளை அடிச்சுக்க ஆளில்லைங்க" என்று பெருமையாகக் காட்டியும் கொடுத்தான்.

அலுவலர் வில்லெட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி. உன்னை ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு ஆசையில்ல. ஒரு கூரைக்கு ஒரு குடும்பம். பெத்தவங்க இங்கயே தங்கி அடுப்பு மூட்டிக் குடியிருக்கணும். அவங்க பெத்த பிள்ளைங்க மட்டும் பேருந்துல ஏறலாம். சித்தி பிள்ளை, மாமா பிள்ளைன்னு கதை விடக்கூடாது. திங்கக்கிழமை வந்து பாப்பேன்."

செய்தி சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. ஹெஸ்டர் பிள்ளைகள் போக மற்ற நாலு பேரை பால்டிமோரிலும் ரிச்மண்டிலும் இருந்த சொந்தக்காரர்கள் வரச் சொல்லிவிட்டார்கள். ஹெஸ்டருக்கு நாதி இல்லை. மர அறுவை ஆலையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஊரார் துணி துவைத்து நாலு பிள்ளைகளை வளர்ப்பவள். ஒடெசாவுக்கு ஃபிலடெல்பியாவில் ஒரு தங்கை உண்டு. அவள் ஒற்றை அறையில் ஐந்து பிள்ளைகளோடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்; வில்லெட்டை அங்கே அனுப்ப வழியில்லை.

ஒடெசா ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெள்ளைக்கார வீட்டில் சமையல் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினாள். பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றினாள். வில்லெட் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். தன் பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கப் போகிற சந்தோஷம்.

சனிக்கிழமை ஹெஸ்டர் வந்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பணியாரம் சுட்டுத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள்.

"இத்தனை நாளு கூட்டிட்டுப் போனியே பிரதர், அதுவே பெரிய புண்ணியம்" என்றாள். "உன் வீடு, உன் பொண்ணு. அதுதான் நியாயம். சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காத."

அவள் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். திட்டியிருந்தால் இவனும் திட்டிவிட்டுச் சாமானை ஏற்றியிருப்பான். அவளோ கும்பிட்டுவிட்டுப் போனாள். ஏமஸ் பணியாரத்தைத் தொடவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தான். அங்கே நாலு பேர், இங்கே ஒருத்தி. வில்லெட்டுக்கு வாசிக்கத் தெரியும். புத்தகம் கொடுத்தால் தானே கற்றுக்கொள்வாள். பேர்லுக்கு எழுத்தே நேராக நிற்கவில்லை. டோர்சி இந்த வருஷம் விட்டால் புகையிலைக் கொட்டகைக்குத்தான் போவான். இப்படிக் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு, கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஹெஸ்டரையும் பிள்ளைகளையும் அவர்கள் கட்டிலையும் இரும்பு அடுப்பையும் ஏற்றி, ஓடைக்கு அக்கரையில் இறக்கிவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

விஷயத்தைக் கேட்டதும் ஒடெசா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"நாலு பிள்ளைங்க, ஒடெசா. நாலு உசிரு."

"நாலு பெரிசா ஒண்ணு பெரிசான்னு கணக்குப் பாத்தியே, அந்த ஒண்ணு யாருன்னு பாத்தியாய்யா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உனக்கு என்ன மிஞ்சிக் கெடந்துச்சுன்னு தூக்கிக் குடுத்த? பாவி!"

 வில்லெட் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்தாள். தட்டுகளை எடுத்து அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கினாள். ஏமஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுக்கி முடித்துவிட்டுச் சோள ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

சபையில் ஏமஸைப் புகழாதவர்கள் இல்லை. போதகர் பிரசங்கத்திலேயே அவன் பேரைச் சொன்னார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒடெசா பெஞ்சை மாற்றிக்கொண்டாள். ஹெஸ்டர் இருக்கும் பக்கம் தலை திருப்புவதில்லை. ஊரெல்லாம் உத்தமன் என்று சொன்னால் என்ன, வீட்டில் சோறு போடுகிறவள் முகம் கொடுக்கவில்லை.

அவன் படிக்க ஏதாவது கிடைக்காதா என்று அலைந்தான். டாலிவர் வீட்டுப் பழைய சஞ்சிகைகள், ஆசிரியை ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துச் சென்ற பூகோளப் புத்தகம், எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைப்பான். வில்லெட் "சரிப்பா" என்பாள். முதல் வருஷம் வாசித்தாள். பின்னக் கணக்கில் சிக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்; நாலாம் வகுப்போடு நின்ற அவனுக்கு அது பிடிபடவில்லை. டோர்சியை வந்து சொல்லித்தரச் சொன்னான். டோர்சி ஞாயிற்றுக்கிழமை ஓடை தாண்டி நடந்தே வந்தான். வில்லெட் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் வருஷம் புத்தகங்களின் மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது. பழைய சமையல் வேலைக்கே திரும்பிவிட்ட அம்மாவோடு வெள்ளைக்கார வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். அந்த வீட்டுக் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பாளாம். ஒடெசா சொல்லி அழுதாள்.

ஆனாலும் வில்லெட் அப்பாவிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வந்தால் காப்பி, போனால் தொப்பி. அவன் உயிரைத் தின்றது அதுதான். திட்டித் தொலைக்க மாட்டாளா என்று காத்துக் காத்து, சும்மாவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வண்டியில் சுற்றினான். ஓடைக்கு அக்கரை வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவான். பேர்ல் ஓடிவந்து முழுப் பக்கம் வாசித்துக் காட்டுவாள். கேட்டுச் சந்தோஷப்படுவான், திரும்பி வரும் வழியில் பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு அழுவான்.

1963 செப்டம்பரில் வெளியூர் நல்லவர்கள் சிலர் பணம் திரட்டி, பூட்டிக் கிடந்த கட்டடங்களை வாடகைக்குப் பிடித்து, எங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி திறந்தார்கள். நாலு வருஷம் கழித்துச் சங்கிலி கழன்றது. வில்லெட்டுக்குப் பதினாலு. அம்மாவைவிட ஒரு கை உயரம். ஏமஸ் அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் வாய் மூடவில்லை. வாத்தியார்கள் எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறார்களாம், மத்தியானம் சாப்பாடு உண்டாம், தேர்வு வைத்துத்தான் வகுப்புப் பிரிப்பார்களாம். பள்ளி மைதானம் தெரிந்தது. அங்கே வரிசையில் ஆறு வயதுப் பிள்ளையும் மீசை முளைத்த பையனும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு எழுத்து மறந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஏமஸ் மகள் பக்கம் திரும்பினான்.

"வில்லெட், அன்னிக்கு நான் செஞ்சது தப்பாம்மா?"

அவள் நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"பேர்ல் அழகா வாசிக்கிறா. தப்புன்னு எப்படிச் சொல்ல? ஆனா அது என் பள்ளிக்கூடம்ப்பா. உங்களுது இல்ல. நீங்க என்னைக் கேட்டிருந்தா, 'அவங்க போகட்டும்'னு நானே சொல்லியிருப்பேன். பாத்திரம் துடைச்சிக்கிட்டு அங்கதான உக்காந்திருந்தேன். நீங்க அம்மாகிட்டயும் கேக்கல, என்கிட்டயும் கேக்கல."

 "இப்பக் கேக்கறேன்டா கண்ணு."

"இப்பக் குடுக்க என்கிட்ட என்னப்பா இருக்கு?"

மணி அடித்தது. வரிசை நகர்ந்தது. வில்லெட் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, தன் இடுப்பளவு இருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.