பட்டு நூலில் கட்டிய ஃபைல்

பல் மருத்துவக் கல்லூரி அட்மிஷன் ஆபீஸில் அந்த கிளார்க்கை முதலில் பார்த்தபோது, வலது கன்னத்தில் கிராம்பை அடக்கியிருந்தார். தீராத பல்வலி. பட்டு நெசவுக்குப் பேர்போன பிள்ளையார்பாளையத்துக்காரர் என்பதால், வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கொண்டுவந்து அதில்தான் ஃபைல்களைக் கட்டுவார். பட்டு வழுக்கும். முடிச்சு நிற்காது.

என் ஃபைலைப் பிரித்தவர், "சீட் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியேம்மா" என்றார்.

"சேரத்தானே சார் வந்திருக்கேன்."

"நீ வந்துட்ட. ஃபைல்ல வரலியே."

சேர அன்றுதான் கடைசி நாள். நான் அழ ஆரம்பித்த பிறகு, என் ஃபைலைத் தாள் தாளாகத் திரும்பப் பார்த்தார். அந்தக் கடிதம் வேறொரு பெண்ணுடையது. முடிச்சு அவிழ்ந்து ஃபைல்கள் சரிந்தபோது என்னுடையதற்குள் புகுந்திருக்கிறது. அதை உருவி எடுத்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். பிறகு ஃபைலை அதே பட்டு நூலால் கட்டினார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கட்டியதால், "மாடியில இத்தனை பேர் பல் பாக்கறாங்களே சார், போய்க் காட்டலாமே" என்றேன்.

"அவங்க எல்லாரையும் உள்ள சேத்ததே நான்தானேம்மா."

நான் இறுதியாண்டு படிக்கும்போது, வீங்கிய கன்னத்தோடு மாடியேறி வந்தார். காலியாக இருந்த நாற்காலிகளை எல்லாம் தாண்டி, என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் சார் என்கிட்ட என்று கேட்டேன்.

"உன் ஃபைல் ஒண்ணைத்தான் ரெண்டு வாட்டி பாத்திருக்கேன்."

அது பாராட்டுதானா என்று கேட்பதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.