பிளெதோரா என்றால் நிறையவா?

போன வாரம் குகனிடமிருந்து போன். கனடாவில், மார்க்கம் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். முந்தின நாள்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

“அண்ணை, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வாறியளோ? பிள்ளையின்ர ரத்தத்தை எடுக்கப் போகினமாம்!”

போனேன். குழந்தை செக்கச்செவேலென்று தூங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘என்ன நிறம்!’ என்று கொண்டாடிவிட்டுப் போன சிவப்பு. டாக்டருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ‘பிளெதோரிக்’ என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வார்த்தையில்தான் குகன் சிக்கிக்கொண்டார். வேலை தேடிய நாட்களில் போன ஆங்கில வகுப்பில் ‘பிளெதோரா’ வந்திருக்கிறது — பிளெதோரா ஆஃப் ஆப்பர்சூனிட்டீஸ்!

“பிளெதோரா எண்டால் நிறைய எண்டுதானே? ரத்தம் நிறைய இருந்தால் நல்லதெல்லோ, அண்ணை?”

நியாயமான கேள்வி. டாக்டரிடமே கேட்டேன். ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிக அதிகம்; அதனால் தடித்துப்போய் மெதுவாக ஓடுகிறது; குழந்தை சோர்ந்து கிடப்பதும் அதனால்தான்... கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே அளவுக்கு சேலைன் ஏற்ற வேண்டும் என்றார்.

குகனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் அசையவில்லை.

“ஊரில சண்டை நேரம் ரத்தம் கிடைக்காமல் செத்த சனத்தைப் பாத்தனான். என்ர பிள்ளையின்ர உடம்பில இருக்கிறதை எடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

பதில், கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி சுகந்தியிடம் இருந்தது.

“விடியத் தொடக்கம் பிள்ளை பால் குடிக்கேல்லையப்பா. ஓம் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னார்.

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே காத்திருந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் செல்போனில் தேடினேன். கிரேக்க மொழியில் ‘நிறைவு’. ஆங்கிலத்துக்குள் நுழைந்ததே வைத்தியர்கள் வழியாகத்தான் — உடம்பில் ரத்தம் மிகுந்துபோகும் நோயின் பெயராக! பிறகு, எது அளவு மீறினாலும் பிளெதோரா. இன்றைக்கோ வெறும் ‘ஏராளம்’. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் ஒரு முழு வாக்கியத்தில் சொல்வதை, அவர்கள் ஒரே வார்த்தையில் அடக்கி வைத்திருந்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்...

இதையெல்லாம் கேட்கும் நிலையிலா குகன் இருந்தார்? மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் குழந்தை விழித்தது. பாலுக்கு வீறிட்டு அழுதது — வார்டு முழுக்கக் கேட்க. குகனும் அழுதார்.

அங்கிருந்த ஒருவருக்கும் அந்தச் சத்தம் அதிகமாகப் படவில்லை!