வெள்ளிக்கிழமை பூட்டிய கேட்

தூத்துக்குடிக் கடற்கரையில் வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்ட் வாசம் வந்தாலே தங்கையின் நினைவு கசக்கிறது. ஓயாமல் படம் வரைகிறவள். உள்ளே போனால் வெளியே வரவே முடியாத கன்னியர் மடத்தில், சென்னையில், சேரவிருந்தாள். அதற்குமுன் சென்னை மியூசியத்து ஓவியங்களைப் பார்த்துவிட ஆசைப்பட்டாள்.

"வார ஞாயித்துக்கெழமயே போயிருவோம்ணே."

"ஏளா, அன்னைக்கு நம்ம வள்ளமே கடலுக்குப் போவாது. மியூசியத்தத் தொறந்து வச்சிருப்பானாக்கும்!" என்று சிரித்தேன்.

மடத்தில் சேரவேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்தான் சென்னையில் இறங்கினோம். மியூசியத்து கேட் பூட்டிக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை லீவு சார். ஞாயித்துக்கிழமைதான் கூட்டமே" என்றார் காவலாளி. அவள் கம்பி வழியே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் விடுமுறை நாளை விசாரித்த பிறகுதான் டிக்கெட் எடுக்கிறேன். யாருக்காக?

அன்று மாலை மடத்து வாசலில் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமயே வந்திருக்கலாம்லா, அண்ணே."