முப்பத்தோராம் நாளும் துரையின் இரைப்பையும்

கடந்த சனிக்கிழமை என் வீட்டில் முப்பத்தோராம் நாள். காலையில் கோயிலில் பூசை, மதியம் வீட்டில் சாப்பாடு. மறைந்த என் மனைவி றெஜினாவுக்காக.

இந்தப் பத்தி சில வாரங்களாக ஏன் வரவில்லை என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். காரணம் அதுதான். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத இப்போது வரவில்லை. ஆகவே நாயைப் பற்றி எழுதுகிறேன்.

துரை, றெஜினாவின் நாய். பெரிய உடம்பு, ஆழமான நெஞ்சுக்கூடு — நம்மவர் இன்றும் அல்சேஷன் என்றே அழைக்கும் இனம். வயது போய்விட்டது. ஆனாலும் இந்த வீட்டில் அதற்கு இருந்த அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

பிரெஞ்சு பேசும் இந்த நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுடையது கீழ்த்தள வீடு. அன்று வாசலில் சப்பாத்துகள் மலையாய்க் குவிந்திருந்தன. ஆட்டிறைச்சிக் கறி, றோல், கட்லட்... துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சாப்பிட்டார்கள், ஜெபம் சொன்னார்கள், என் தோளைத் தொட்டார்கள், போனார்கள். றெஜினாவின் தங்கை மெற்றில்டாவும் அவள் கணவர் ஜெரோமும் மட்டும் பாத்திரம் கழுவ நின்றார்கள். ஆற்றுக்கு அப்பால், புரோசார்ட்டிலிருந்து வந்தவர்கள்.

அப்போதுதான் துரை நடக்கத் தொடங்கியது.

முன்னறைக்குப் போகும். திரும்பும். படுக்கப் பார்க்கும், படுக்க முடியாமல் எழும்பும். மறுபடியும் முன்னறை. அவளைத் தேடுகிறது என்றே நினைத்தேன். ஒரு மாதமாக அது அப்படித்தான் நடக்கிறது. நானும் அப்படித்தான் நடக்கிறேன். ஆகவே எனக்கு எதுவும் புதிதாகப் படவில்லை.

"அத்தான், துரை ஓங்காளிக்குது. ஒண்டும் வருதில்லை" என்றாள் மெற்றில்டா.

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். விலங்கு மருத்துவ மாணவர்களுக்கு இரைப்பையின் அமைப்பைக் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் நான். மாட்டுக்கு இரைப்பையில் நான்கு அறைகள். அவற்றில் முதலாவது ஒரு பெரிய பீப்பாய். அது ஊதினால் இடப்பக்க விலாவுக்குப் பின்னே துளையிட்டுக் காற்றை விடலாம். குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. அதன் வாசல் உள்ளே விடும், வெளியே விடாது — குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. நாய் அப்படியல்ல. வாந்தி எடுப்பது நாய்க்குத் தும்முவது போன்ற காரியம்.

அப்படிப்பட்ட நாய் ஓங்காளித்தும் ஒன்றும் வரவில்லை என்றால்?

குனிந்து அதன் விலாவின் பின்புறத்தை விரலால் சுண்டினேன். மேளம்! உள்ளே காற்று. இரைப்பை ஊதிப் பெருத்து, ஈரத் துணியைப் பிழிய முறுக்குவோமே, அப்படித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். முறுகினால் இரண்டு வாசல்களும் அடைபடும். இரத்தம் ஓடாது. தசை கறுக்கும். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இத்தகைய ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கே இது அதிகம் வரும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"காரை எடுங்கோ ஜெரோம்."

"இது காஸ்ரிக் அண்ணை" என்றார் ஜெரோம், கையைத் துடைத்தபடி. "நான் பார்த்தனான். அப்பவே கொஞ்சம் ஜிஞ்சர் பியர் பருக்கினனான். ஒரு ஏப்பம் விட்டா எல்லாம் சரி."

மெற்றில்டா திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு விசரே? வயிறு ஊதின நாய்க்குச் சோடாவே பருக்கினனீங்கள்?"

"றெஜினா அக்கா எனக்கு எப்பவும் அதுதானே தாறவா..."

நம்மவருக்கு உலகில் உள்ள நோய் ஒன்றே. நெஞ்சு நொந்தால் காஸ்ரிக். தலை சுற்றினால் காஸ்ரிக். மருந்தும் ஒன்றே — சோடா. இத்தனை காலம் அது மனிதரோடு நின்றிருந்தது. இப்போது நாய்க்கும் வந்துவிட்டது. காற்றுக்குள் காற்று!

விலங்கு மருத்துவமனையில் துரையை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசியேற்றிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுப் எக்ஸ்ரே படமும் எடுத்த பிறகு, இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். இன்று என்ன சாப்பிட்டது என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ரியான்" என்றாள் மெற்றில்டா, எனக்கு முந்திக்கொண்டு.

ஒன்றுமே இல்லையாம்! ஒரு வீட்டின் முழுச் சமையலும் அந்த வயிற்றில் இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு வந்த பெண்ணிடம் சொல்கிறாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மெற்றில்டாவைப் பார்த்தேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். எலும்பு இருந்தால் அவைக்குத் தெரியவேணும்."

"ஒரு கட்லட் தான் குடுத்தனான் அத்தான்."

"ஒண்டோ?" என்றார் ஜெரோம்.

"சரி... கொஞ்சம் கூட. பேந்து ஒரு றோல். நீங்கள் மட்டும் என்னவாம்? கதவுக்குப் பின்னால நிண்டு இறைச்சி குடுத்ததை நான் காணேல்லையே?"

"எலும்பில்லாத துண்டு அண்ணை! பார்த்துத்தான் குடுத்தனான்."

பிறகு மெற்றில்டா தொலைபேசியை எடுத்தாள். வந்துபோனவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். எல்லோரும் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஒவ்வொருவரும் தான் மட்டுமே கொடுத்ததாக எண்ணியிருந்தார்கள். அத்தனை கைகளிலிருந்தும் வாங்கித் தின்ற பின் ஒரு முறைகூடக் குரைத்துக் காட்டிக்கொடுக்காத நாயை என்னவென்று சொல்வது?

காத்திருப்பு அறையின் நாற்காலிகளுக்கு நடுவே எனக்கு ஒன்று புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அது அவர்கள் பிழையல்ல. நான் பேச இடம் கொடுக்கும் மனிதன் அல்லன். ஆனால் கொண்டுவந்த துக்கத்தை அவர்கள் எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே? துரையிடம் குனிந்தார்கள். "அம்மா எங்கயடா?" என்று அதன் காதில் கேட்டார்கள். ஒரு துண்டு கொடுத்தார்கள். எனக்கு வரவேண்டிய ஆறுதல் முழுவதும் அந்த இரைப்பைக்குப் போய்விட்டது.

இதுதான் முறுக்கியது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. பெருந்தீனி ஒரு காரணமாக இருக்கக்கூடும். அவ்வளவே.

மருத்துவர் நேராகக் கேட்டார். வயது அதிகம். அறுவை தாங்காமல் போகலாம். செய்வதா, வலியில்லாமல் போக விடுவதா? யோசிக்க நேரம் இல்லை.

"வருத்தப்படுத்த வேண்டாம் அண்ணை" என்றார் ஜெரோம் மெதுவாக. "வயது போன நாய்."

மெற்றில்டா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது முறையாக ஓர் ஆஸ்பத்திரிக் கதவின் முன்னால் இருக்கிறாள்.

வேறொருவர் வந்து என்னிடம் இதையே கேட்டிருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். வயதைப் பாருங்கள், வலியைப் பாருங்கள், உங்கள் மனதைப் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அதைத்தான் வகுப்பிலும் சொன்னேன். சொல்வது எவ்வளவு எளிது! அறுவை துரைக்காகவா, எனக்காகவா? இந்த நாயும் போனால் அந்த வீட்டில் அவளுடைய குரலுக்குத் திரும்பிப் பார்த்த உயிர் நான் ஒருவன்தான்.

"ஈறு என்ன நிறம்?" என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"இன்னும் இளஞ்சிவப்புத்தான். இரத்தம் ஓடுகிறது."

"இதயத் துடிப்பு?"

"வேகம். ஆனால் ஒழுங்கு."

"திறவுங்கள்" என்றேன். "உள்ளே கறுத்திருந்தால்... எழுப்ப வேண்டாம்."

கதவு மூடியது. நான் நடந்தேன். தண்ணீர்க் குழாய் வரை, மீன்தொட்டி வரை, மறுபடியும் தண்ணீர்க் குழாய் வரை. இருந்தேன், எழும்பினேன்.

"அத்தான், ஒரு இடத்தில இருங்கோ. துரையைப் போலவே நடக்கிறியள்."

"வயிற்றைச் சுண்டிப் பார்க்கவோ அண்ணை?" என்றார் ஜெரோம். மெற்றில்டா அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியபோது மருத்துவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று முகத்தில் தெரியவில்லை, நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

"கறுக்கவில்லை" என்றார்.

இரைப்பையைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்து, மறுபடியும் சுழலாதபடி வலப்பக்கச் சுவரோடு தைத்துவிட்டார்களாம். "மெர்சி" என்றேன். 

துரை இப்போது வீட்டில் இருக்கிறது. வயிற்றில் நீளமான தையல், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. சிறிது சிறிதாகப் பத்தியச் சாப்பாடு. வேறு எவரும் எதையும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

மெற்றில்டா ஒவ்வொரு நாளும் வருகிறாள். முதல் நாள் கை பழக்கத்தில் பைக்குள் போனது. வெறுமையாகத் திரும்பி வந்தது. கொடுக்க ஒன்றும் இல்லை. கூம்புக்குள் இருக்கும் காதில் இரகசியம் கேட்கவும் முடியாது. சமையலறையில் என் முன்னால் இருந்தாள். மேசை விரிப்பை நீவினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைசியில் கேட்டாள்: "அத்தான்... அக்கா கடைசியா என்ன சொன்னவா?"

ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி.

"துரைக்குச் சாப்பாடு வைச்சாச்சோ எண்டு கேட்டவா" என்றேன்.

மெற்றில்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்... எதைச் செய்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

துரை கூம்போடு தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்களுக்காக அல்ல — சாப்பாடு என்று யாரோ சொன்னதற்காக!