பாடுகிறதும் பாடாததும்

என் அக்காள் வீட்டுக்காரர் ஒரு கொய்யாத் தோட்டத்தில் இராக்காவல் இருந்தார். மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறைதான் குடியிருப்பு. வேலை போனால் கூரையும் போகும்.

தோட்டத்துப் பழத்தைப் பகலில் கொண்டைக்குருவி தின்னும், இரவில் பழந்தின்னி வௌவால் தின்னும். குருவி ஒரு பழத்தோடு நிற்காது. இதில் ஒரு கொத்து, அதில் ஒரு கொத்து என்று கொத்திப் பாழாக்கிவிட்டு, கொம்பில் உட்கார்ந்து பாடும். வௌவால் பழுத்ததாகப் பார்த்து ஒன்றைக் கவ்விப்போய் அடுத்த மரத்தில் தொங்கித் தின்னும். ஆனாலும் எந்தப் பழத்தில் ஓட்டை விழுந்தாலும் பழி வௌவாலுக்குத்தான்.

முதலாளியம்மாவுக்குக் குருவிப் பாட்டென்றால் உயிர். அதனால் இருட்டியபின் வலை கட்ட வேண்டும், குருவி எழும்முன் சுருட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. செத்த வௌவால்களைப் பார்த்து, "நல்லா வேலை செய்றப்பா" என்று மெச்சுவார்.

"ராவெல்லாம் முழிச்சிக் கெடக்குறீங்க, அதுங்க உங்க பங்காளிங்கதானே. வராதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அக்காள் கேலி செய்வாள். அத்தான் சிரிக்க மாட்டார்.

ஒரு விடியற்காலை வலையில் தாய் வௌவால் ஒன்று சிக்கியிருந்தது. நெஞ்சில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் உயிர் இருந்தது. அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டினார். அது கையைக் கடித்தது, இவர் விடவில்லை. அது பறந்து போகவும் கிழக்கு வெளுக்கவும் சரியாக இருந்தது. வலையின் மறுமுனையைச் சுருட்ட ஓடினார். அதற்குள் ஒரு குருவி வந்து மோதி, கழுத்து முறிந்து தொங்கியது.

முதலாளியம்மா அதைக் கையில் ஏந்தி அழுதார்.

"வௌவாலை எடுத்து விட்டுக்கிட்டிருந்தேம்மா. குட்டியோட இருந்திச்சு" என்றார் அத்தான்.

"அந்தச் சனியனுக்குக் குட்டி இருந்தா உனக்கென்ன? பாடுற உசுரைக் கொன்னுட்டியே. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

இரண்டையும் படைத்தவன் ஒருவன்தான். எதன்மேல் உனக்குப் பிரியம் என்று அவனிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. பதிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

சட்டிபானை மூட்டை கட்ட நான் போனபோது, கடிபட்ட கையில் துணி சுற்றிக்கொண்டு அத்தான் ரோஜாச் செடியடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா குருவியை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் ஆழமா வெட்டு. நாய் தோண்டிடும்."

"சரிம்மா" என்று வெட்டினார்.

மண் தள்ளி முடிந்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்வெட்டியக் கழுவி வச்சிட்டுப் போ" என்றார்.